பெரிதாகிப் போன வளையம்

அந்த லென்ஸைப் பெங்களூரிலிருந்து இரணியல் ஸ்டேஷன் வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு தட்டைக் கண்ணாடிச் சில்லு. வழக்கமான லென்ஸுக்கு இருக்கும் வளைவு அதற்குக் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத நுண்தூண்கள் அதன்மேல் லட்சக்கணக்கில் நின்றன, வேலையெல்லாம் அவற்றுடையதுதான். ஒரு தடவை துணி பட்டால் போயிற்று. எங்களுக்கென்று செய்து தந்தது அந்த ஒன்றுதான்.

தக்கலைப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை நான். ஆய்வு, முறுக்கிய லேசர் ஒளியைப் பற்றியது. சாதாரண லேசர் சுவரில் புள்ளியாக விழும். திருகாணியின் மரைபோல் முறுக்கிக்கொண்டு போகிற ஒளியோ நடுவில் இருட்டோடு, உளுந்துவடை மாதிரி வளையமாக விழும். எங்கள் லென்ஸ் அந்த முறுக்கை அவிழ்த்தால் வளையம் சுருங்கிப் பளிச்சென்று ஒரு புள்ளியாகிவிடும்.

இரண்டு நாளாகப் புள்ளி வந்துகொண்டிருந்தது. ஆய்வைத் தொடரலாமா என்று முடிவு செய்ய, திருவனந்தபுரத்திலிருந்து இரண்டு பேர் வருவதாக இருந்த அன்று காலையில் புள்ளி வரவில்லை. திரையில் வெறும் வளையம்.

ஆய்வகத்தில் என்னோடு இருந்தவள் எங்கள் டெக்னீஷியன். இதே கல்லூரியில் என்னோடு பி.எஸ்சி. படித்தவள், கடற்கரை ஊர்க்காரி. பிறர் முன்னால் என்னை டீச்சர் என்பாள். தனியாக இருந்தால் உரிமையோடு ‘ஏட்டி’தான்.

"லென்ஸத் தொடச்சியா?" என்றேன்.

"இல்லட்டி. காலைல மூடிய மட்டும்தான் எடுத்தேன்."

"நேத்து பூட்டினது நான். இன்னைக்குத் தொறந்தது நீ. தூசின்னு நெனச்சு துணி போட்டிருப்ப."

"அதத் தொடப்பிடாதுன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருந்தா இப்படி ஆவுமா?"

அவள் முகம் சுருங்கியது. அந்நேரம் போன் அடித்தது. வருகிறவர்கள்தான், மார்த்தாண்டம் தாண்டிவிட்டோம் என்றார்கள். அரை மணி நேரம்கூட இல்லை.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "லென்ஸ் இல்லாம நேத்து பாத்தோம்லா, அந்த வளையத்தவிட இது பெருசா இருக்கு."

"இப்ப அதா முக்கியம்?"

"லென்ஸ் கெட்டுப்போச்சுன்னா லைட்டு சும்மா அப்படியேதானே போவும்? என்னத்துக்குப் பெருசாவணும்?"

முறுக்கு கூடினால்தான் வளையம் பெரிதாகும். லென்ஸ் கெடவில்லை. அவிழ்ப்பதற்குப் பதிலாக இன்னும் முறுக்கிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் ஒளிதான் தலைகீழ் முறுக்கோடு வருகிறது. அதைத் திருப்பியது யார்?

நான்தான். வருகிறவர்கள் வாசல் பக்கம் நின்றே பார்க்கட்டும் என்று முந்தின நாள் சாயங்காலம் லென்ஸுக்கு முன்னால் கூடுதலாக ஒரு மிரரை வைத்துக் கதிரைத் திருப்பியிருந்தேன். மிரரில் நம் வலக்கை இடக்கையாவதைப் போலத்தான் முறுக்கும் பக்கம் மாறும். மாணவர்களுக்கு நானே நடத்துகிற பாடம். புள்ளி வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறேன்.

"இன்னொரு மிரர் எடு," என்றேன். இரண்டாவது மிரர் மறுபடி திருப்பிவிடும். அவசரத்தில் அதன் திருகை ஒரேயடியாகச் சுற்றிவிட்டேன். அவள் என் கையை மெல்ல விலக்கிவிட்டுத் தானே திருகினாள். நான் திரையைப் பார்த்து, "இடது பக்கம்... இன்னும் கொஞ்சம்..." என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வளையம் ஓடி ஓடி விளிம்பில் மறைந்தது, திரும்பி வந்தது. கீழே கார் கதவு சாத்தும் சத்தம். படியில் காலடி.

"நில்லு!" என்று கத்திவிட்டேன். நடுவில் புள்ளி நின்றது.

வந்தவர்கள் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். தொடரலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவ்வளவு நேரமும் அவள் மூலையில் நின்றிருந்தாள்.

மதியம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, "தப்பு எனக்கதுதான், மன்னிச்சிரு," என்றேன்.

"கேட்டது தப்பில்ல," என்றாள். "இல்லைன்னு சொன்ன பிறவும் நீ நம்பல்ல பாத்தியா." அதோடு எழுந்து கைகழுவப் போய்விட்டாள்.

மறுநாள் லேசர் மேசையருகே புது நோட்டு ஒன்று கிடந்தது. மேசையில் எதை மாற்றினாலும் அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். முதல் வரியை அவளே எழுதியிருந்தாள்: கூடுதல் மிரர் ஒன்று, முந்தாநாள் மாலை. பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தது. பேனாவை என்னிடம் நீட்டினாள். கையெழுத்துப் போட்டேன்.