அவள் எங்கே ஒதுங்கினாள்?

“பாய் பூட்டாரு சார்.” நான் வேலை பார்க்கும் ராயபுரம் சரக்குக் கொட்டகைக்கு வந்து மீனவன் முனியன் சொன்னபோது என் வாயில் வெற்றிலை இருந்தது. துப்பவும் தோன்றவில்லை, மெல்லவும் தோன்றவில்லை. கருவாட்டு வியாபாரி சையது பாய் இல்லாத கடற்கரையை நினைக்க இன்னும் மனம் வரவில்லை.

அவரை அறிந்த உங்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் நினைவிருக்கும். வலை உலர்த்தும் மணலில் நம்மை உட்கார வைத்துக் கதைகளை உரக்க வாசிப்பார். சுதந்திரம் வந்த சில வருஷங்களில் ஒரு பருவம் மீன்பாடே இல்லை. கட்டுமரம் தள்ளும்போது எதிரே வந்தாள் என்று கூடைக்காரி அஞ்சலையின்மேல் பழியைப் போட்டார்கள். புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். இனி கரைப்பக்கமே வரக் கூடாது என்று பேச்சு கிளம்பியது. மீன் வாங்கி விற்காவிட்டால் அவள் வீட்டில் உலை கொதிக்காது.

பாய் வாதாடவில்லை. பேர்பெற்ற பழைய கதை ஒன்றை எடுத்து வாசித்தார். மழையில்லாத ஊர். கறுப்பு ஆடு வளர்க்கும் ஒரு பெண்ணால்தான் பஞ்சம் என்று ஆட்டோடு அவளை விரட்டுகிறார்கள். அன்று மாலையே மழை கொட்டுகிறது. கதை அவ்வளவுதான்.

நான் சும்மா இருப்பேனா? “ஆடு ஒரு குறியீடு, ஊரின் பாவமெல்லாம் அதன் முதுகில்...” என்று ஆரம்பித்தேன்.

“ஆட்ட வுடு நைனா. அத்த இட்டுகினு போறாளே, அவளப் பாரு,” என்று பாய் என் வாயை அடைத்தார்.

அதற்குள் முனியன் துள்ளி எழுந்தான். “பாத்தியா பாய்! தொரத்துனதும் மழ வந்துச்சு. கதையிலயே கீது!” எல்லோரும் தலையாட்டினார்கள்.

பாயின் முகம் செத்துவிட்டது. “சரி, மழ வந்துச்சு. அவ எங்க ஒதுங்குனா?” என்று மட்டும் கேட்டார்.

அந்த வாரமே அஞ்சலையை விரட்டினார்கள். கொருக்குப்பேட்டைக்குப் போனவளுக்குப் பாய்தான் கருவாடு கொடுத்து விற்கச் சொன்னார். “நா படிச்ச கததான் அவளத் தொரத்திச்சு நைனா,” என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார். பிறகு அவர் கதை வாசிக்கவே இல்லை.

நேற்று பாயின் உடலைச் சுமந்த சந்தூக்குக்குத் தோள் கொடுக்கப் போனேன். தெருமுனையில் அஞ்சலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். என்ன அஞ்சலை என்றேன்.

“எம் மூஞ்சி படக் கூடாது சார். எனக்குச் சோறு போட்டாரு, அதான் பூட்டாரு.”

கேடெல்லாம் தன்னால்தான் என்று, முனியன் புரிந்துகொண்டபடியேதான் அவளும் புரிந்துகொண்டிருக்கிறாள். நல்லவேளை பாய், இதைக் கேட்க நீங்கள் இல்லை. குறியீடு பற்றி இனி வாய் திறக்க மாட்டேன். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான். தோள் கொடுக்கப் போகாமல், சந்தூக்கு கண்ணுக்கு மறையும்வரை சுவரோரம் அவள் பக்கத்திலேயே நின்றேன்.