பெட்ரோல் மூடியில் ஒரு பொட்டு

எண்பதுகளின் நடுவில் மலேசியாவின் கோலா சிலாங்கூரில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினேன். மனைவிக்கு இருதயக் கோளாறு. மாதாமாதம் கிள்ளான் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். நாங்கள் வேலை செய்த தோட்டத்திலிருந்து பஸ் ரோட்டுக்கு நடப்பதற்குள் அவளுக்கு மூச்சிரைக்கும். அவளை நடக்கவிடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகவே அந்த வண்டி.

வண்டியோ கிள்ளான் போகிற வழியில் ஜெராம் என்கிற ஊரைத் தாண்டியதும் இருமி இருமி நின்றுவிடும். அவளை ரோட்டோரத் தென்னை நிழலில் உட்காரவைத்துவிட்டு, எண்ணெய் இருக்கிறதா என்று டாங்கி மூடியைத் திறப்பேன். உஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். உள்ளே பெட்ரோல் தளும்பும். பிறகு பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டி உதைத்தால் உடனே கிளம்பிவிடும். பிளக்தான் கோளாறு என்று புதிது போட்டேன். மறுபடியும் நின்றது. கார்பரேட்டரைப் பிரித்துக் கழுவினேன், பாயிண்ட்டை மாற்றினேன். டவுனில் பட்டறை வைத்திருந்த சீனர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் ஓடவிட்டுப் பார்த்தார். எஞ்சின் நிற்கவே இல்லை. எனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார். வந்த கோபத்தில் வழியெல்லாம் வண்டியைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

அவளிடம் வேறு வைத்தியம் இருந்தது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பது அவள் கட்சி. தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லார் கண்ணும் வண்டிமேல்தானாம். வெள்ளிக்கிழமைதோறும் அதைத் துடைத்து, மூடியின் நடுவில் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைப்பாள். வண்டி நிற்க நிற்கப் பொட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. மாரியம்மனையே ஏற்றிக்கொண்டு போகிறேன், பாரம் தாங்காமல்தான் நிற்கிறது என்று கேலி செய்வேன்.

"சிரிக்காதீங்க. இந்தப் பொட்டுதான் நம்மள கொண்டுபோயி சேக்குது," என்பாள்.

ஒரு மழைக்காலத்தில், வீட்டில் தூக்கத்திலேயே அவள் போய்விட்டாள். வண்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தீட்டு வீட்டில் வண்டிக்குப் பொட்டு வைப்பது யார்? மழையில் நின்ற வண்டியிலிருந்து பழைய சந்தனமும் கரைந்து போயிருந்தது. கருமாதிச் சாமான் வாங்கக் கிள்ளானுக்குப் போனேன். ஜெராம் தாண்டியும் வண்டி நிற்கவில்லை. அவள் பின்னால் இல்லாத நாள் பார்த்து ஓடுகிறதே என்று ஆத்திரமாக வந்தது. திரும்பும்போது நானே அந்தத் தென்னையடியில் நிறுத்தினேன். பழக்கத்தில் மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்ற சத்தம் இல்லை. மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நடுவில் குண்டூசி நுழைகிற அளவு ஒரு துளை. அதன் ஓரத்தில் கொஞ்சம் சந்தனம். டாங்கிக்குள் காற்று போகிற வழி அது. அது அடைபட்டால் பெட்ரோல் கீழே இறங்காது. வாரந்தோறும் அவள் அதைத்தான் அடைத்திருக்கிறாள். வண்டியை மறுபடி கிளப்பியது பிளக் இல்லை, நான் மூடியைத் திறந்ததுதான். இதை அவளிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. சொல்ல ஆள் இல்லை என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

கருமாதி முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை நானே சந்தனம் குழைத்தேன். துளையைவிட்டுத் தள்ளி வைத்திருக்கலாம். அவள் வைத்த இடத்திலேயே வைத்தேன். ஜெராம் தாண்டியதும் வண்டி நின்றது. இறங்கித் தென்னையடியில் உட்கார்ந்தேன். மூடியைத் திறக்க வெகுநேரம் மனம் வரவில்லை.