பின்லைட் பார்த்துச் சொன்னவள்

காரில் பின்னால் லைட் எரிகிறதா இல்லையா என்பது ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கிப் பின்னால் போய்ப் பார்க்க முடியுமா? இன்னொரு ஆள் நிற்க வேண்டும். எனக்கு நாற்பது வருஷத்துக்குப் பக்கமாக அப்படி நின்றவள் என் சம்சாரம் கருப்பாத்தாள்.

நான் படித்தது மூணாங்கிளாஸ். ஆனால் வீரபாண்டியில் இந்தப் பொங்கியண்ணனுக்குத் தெரியாத மெஷின் கிடையாது. நிட்டிங் மெஷின் ஓடுகிற சத்தத்தை வாசலில் நின்று கேட்டே ஊசி ஒடிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இரண்டு தையல் மெஷினோடு ஆரம்பித்து நூற்றிருபது பேர் வேலை பார்க்கும் கம்பெனியாக ஆக்கினேன். ஒருத்தன் கை கொடுக்கவில்லை, ஒத்தை ஆளாக வந்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன்.

அது முழுக்க நிஜமில்லை. முதல் பதினாறு வருஷம் என் கம்பெனியை விட்டுப் போன பனியன் ஒவ்வொன்றும் கருப்பாத்தாள் கண்ணைத் தாண்டித்தான் போனது. செக்கிங் டேபிளில் மற்றப் பெண்கள் பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். இவள் ஒரு உதறு உதறுவாள். "இதுல ஊசிக்கோடு ஓடுதுங்க" என்று தனியாகப் போடுவாள். ஊசி கெட்டுத் துணியில் விழுந்த அந்த மெல்லிய கோடு வெயிலில் கொண்டுபோய்ப் பிடித்தால்தான் எனக்குத் தெரியும். ஒருமுறை சரக்கு வாங்குகிறவர்கள் அனுப்பிய ஆள் பார்த்து முடித்த பெட்டியை இவள் பிரிக்கச் சொன்னாள். நாலு பீஸை உருவி அவன் முன்னால் போட்டாள். "ஏந்தம்பி, மத்தியானச் சோறு கொஞ்சம் அதிகமாயிருச்சாட்ட இருக்குது" என்றாள். அவன் மிச்சப் பெட்டிகளையும் தானே பிரித்தான்.

எண்பத்தஞ்சில் வாங்கிய வெள்ளை அம்பாசடர் இன்னும் என்னிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் நானே கழுவுவேன். கழுவி முடித்ததும் லைட் பார்ப்போம். நான் உள்ளே உட்கார, அவள் பின்னால் நிற்பாள்.

"ரைட்டு?"

"எரியுதுங்க."

"லெப்ட்டு?"

"எரியுதுங்க."

"பிரேக்கு?"

"ரெண்டும் எரியுதுங்க. காலை எடுங்க, அடுப்புல தோசை கருகுது."

முந்தின வருஷம் தை மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, "பிரேக்குல லெப்ட்டு எரியலீங்க" என்றாள். பல்பைக் கழற்றிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. ஹோல்டரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினேன். "இப்ப எரியுதுங்க" என்றாள். அடுத்த வாரம் மறுபடி எரியவில்லை என்றாள். அதற்கடுத்த வாரம் எரிகிறது என்றாள்.

பழைய வண்டியில் கோளாறு விட்டு விட்டு வந்தால் எர்த்தைப் பார்க்க வேண்டும். லைட்டுக்குப் போன கரண்ட் வண்டியின் பாடி வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அந்த இடத்தில் துரு பிடித்தால் ஒரு நேரம் எரியும், ஒரு நேரம் எரியாது. இதெல்லாம் நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, கையால் கற்றது. டிக்கிக்குள் குனிந்து பெயிண்டைச் சுரண்டி, திருகு மாற்றி, புதுசாக ஒரு கறுப்பு ஒயர் இழுத்தேன். பியூஸ் மாற்றினேன். பிரேக் சுவிட்ச் மாற்றினேன். அவள் எரியவில்லை என்றே சொன்னாள்.

ஒருநாள் சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் மரக்கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு நானே பின்னால் வந்து நின்றேன். இரண்டும் எரிந்தது.

"எரியுதே புள்ள."

"இத்தன நேரம் எரியலீங்க."

எங்கோ லூஸ் இருக்கிறது என்றுதான் நினைத்தேன். அவள் கண்ணைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை. மீட்டர் பொய் சொல்லும், கருப்பாத்தாள் செக்கிங் பொய் சொல்லாது என்று கம்பெனியில் சொல்லிச் சொல்லிப் பழகியவன் நான்.

வைகாசியில் அனுப்பர்பாளையத்திலிருந்து கார் எலக்ட்ரீசியன் ராஜவேலை வரச்சொன்னேன். நான் ஒரு வேலைக்கு வெளியாளைக் கூப்பிட்டது எனக்கே கௌரவக் குறைச்சலாக இருந்தது. அவன் டெஸ்ட் லேம்ப்பை வைத்து ஒரு மணி நேரம் பார்த்தான்.

"ஏனுங்ணா, வண்டி சுத்தமா இருக்குதுங்க."

"உங்க அக்கா எரியலைங்கறாளே."

என்னை மிதிக்கச் சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றான்.

"அக்கா, லெப்ட்டு எரியுதுங்களா?"

"இல்லீங்க தம்பி."

இன்னொரு தடவை மிதிக்கச் சொல்லிப் பார்த்தான். பிறகு என் கதவுப் பக்கம் வந்து குனிந்து, மெதுவாகப் பேசினான். "தப்பா நினைக்காதீங்ணா. லைட்டு நல்லா எரியுதுங்க. அக்காவை ஒருக்கா கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துருங்க."

எனக்கு வந்த கோபத்தில் தெருவுக்கே கேட்கும்படி பேசினேன். "இவ கண்ணு பாஸ் பண்ணின பனியன் ஜெர்மனிக்காரன் மேல கெடக்குது. பத்தடி தள்ளி நின்னு ஊசிக்கோடு சொல்றவ. உன்ற டெஸ்ட் லேம்ப் சொல்றது பெருசா, இவ சொல்றது பெருசாப்பா? வேலை தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டுப் போ."

"நீங்க சொன்னாச் சரிங்ணா" என்று சாமானை எடுத்து வைத்துக்கொண்டு போய்விட்டான்.

கருப்பாத்தாள் கையில் துடைக்கிற துணியோடு அங்கேயே நின்றாள். "போதும் வாங்க, காபி ஆறுது" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து, கேட்டபோதெல்லாம் "ரெண்டும் எரியுதுங்க" என்றாள். ராஜவேலுக்குப் பிடிபடாததை நான் சரிசெய்துவிட்டேன் என்று கம்பெனியில் நாலு பேரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

ஆறு மாசம் அப்படியே போனது. கார்த்திகையில் சாமளாபுரத்தில் ஒரு சீமந்தத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பட்டப்பகல். பைக்கில் வந்த ஒருவர் பக்கத்தில் வந்து கண்ணாடியைத் தட்டினார். "பெரியவரே, உங்களுக்குப் பிரேக் லைட் ரெண்டுமே எரியலீங்க. பின்னால வர்றவன் மோதிருவான்."

ஓரமாக நிறுத்தினேன். பியூஸ் போயிருந்தது, அதில் ஒன்றுமில்லை. ஆனால் காலையில் வீட்டில் பார்த்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தோம். பியூஸ் வழியில்கூடப் போயிருக்கலாம். இருந்தாலும் எனக்கு என்னவோ போல் இருந்தது.

"புள்ள, காலையில எரிஞ்சுதா?"

அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"தெரியலீங்க."

"என்ன தெரியலை?"

"வண்டியே பாதிதானுங்க தெரியுது."

நான் வண்டியை எடுக்கவில்லை. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவளே சொன்னாள்: "ராஜவேலு சொன்னப்பவே எனக்கும் பட்டுச்சுங்க. அவன் முன்னாடி என்ற கண்ணைப் பத்தி அத்தன பெருமையாப் பேசினீங்க. அப்புறம் எப்படிங்க இல்லைங்கறது?"

கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரத்திலிருந்து அங்கங்கே அரித்துக்கொண்டு வந்திருக்கிறது என்றார் டாக்டர். வலி இருக்காதாம், ஆளுக்கே தெரியாதாம். போன பார்வை போனதுதான், ஆறேழு மாசம் முன்னால் வந்திருந்தால் இருந்ததையாவது நிறுத்தப் பார்த்திருக்கலாம் என்றார்.

"வீட்ல யாரும் கவனிக்கலைங்களா?" என்று கேட்டார்.

என்னத்தைச் சொல்வேன்? எர்த்தைச் சுரண்டினேன் என்றா?

சொட்டு மருந்து விட்டோம். ஆபரேஷனும் செய்தோம். போன சித்திரையோடு மிச்சமும் போய்விட்டது.

ராஜவேல் கடைக்குப் போனேன். "நீ சொன்னது சரி, நான் பேசினதுதான் தப்பு" என்றேன். அவன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். "உக்காருங்ணா" என்றான், அவ்வளவுதான். பிறகு, "பின்னால எல்.ஈ.டி. போட்டுத் தந்தர்றனுங்க. அது லேசுல போகாதுங்க, இனி நீங்க பாக்கவே வேண்டியதில்லை" என்றான். சரி, அடுத்த வாரம் வண்டியைக் கொண்டுவருகிறேன் என்று சொல்லி வந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை நான் வண்டி கழுவுகிற சத்தம் கேட்டு அவள் வெளியே வந்தாள். பானட்டிலிருந்து டிக்கிவரை பாடியைத் தடவிக்கொண்டே நடந்து பின்னால் போய் நின்றாள்.

"மிதிங்க" என்றாள்.

"எதுக்கு புள்ள?"

"மிதிங்கன்னா."

மிதித்தேன். கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு கையையும் நீட்டி, இரண்டு பக்கத்துச் சிவப்பு மூடி மேலும் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் அசையவே இல்லை.

"லெப்ட்டு சூடாகுதுங்க. ரைட்டுல ஒண்ணையுங் காணோம்."

இறங்கிப் பிரித்துப் பார்த்தேன். ரைட்டு பல்பு இழை அறுந்து கிடந்தது.

எல்.ஈ.டி. வேண்டாம் என்று ராஜவேலிடம் சொல்லிவிட்டேன். அது சூடாகாது. பழைய பல்பில் ஒரு பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அவள் பின்னால் வந்து கையை வைப்பாள். மூடி சூடேற நேரம் பிடிக்கும். அவள் சொல்கிறவரைக்கும் நான் காலை எடுப்பதில்லை.