மருமகனுக்கு வந்த இரண்டு கடிதங்கள்

எங்கள் நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழிக் குடும்பங்களில் சொத்து தங்கை மகனுக்கு. அவனை எங்கே படிக்கவைப்பது என்ற தலைவலி மாமனுக்கு. அந்த மாமன் நான்.

கணிதத்தில் பி.ஏ. தேறிய மருமகனை இன்ஜினீயரிங் படிக்கச் சென்னையிலும் காசியிலும் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு வாரத்தில் பதில் எழுத வேண்டும். காசியில் மின்சார இன்ஜினீயரிங். மின்சாரத்தைப் பற்றி நான் படித்திருந்த ஒரே புத்தகத்தின் பலத்தில், காசி என்றேன்.

"அவனத் தொலைவா அனுப்பிட்டு வயல உம்ம மக்களுக்கு எழுதவா, அண்ணே?" என்றாள் தங்கை.

"சரி, சென்னைக்கே போகட்டும்."

"அப்பம் காசிதான் நல்லது. அதான் மறைக்கீரு."

இப்படியே வாரம் ஓடிவிட்டது. கடைசி நாளில் மருமகனே காசிக்குத் தந்தி அடித்து இடத்தைக் காப்பாற்றிக்கொண்டான். வயலைப் பற்றித் தங்கை சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்ததோ என்று எனக்கே இன்னும் சந்தேகம்.

இப்போது அவன் தம்பி, இளைய மருமகனுக்குக் கடிதம் வந்தால், உறையைப் பிரிக்காமல் அவன் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.

"உள்ள இருக்கது உமக்குத் தெரியும். அதான் பிரிக்காமத் தாரீரு" என்கிறாள் தங்கை.