பாதிப் புத்தகத்தில் தொடங்கிய உஷாராணி

உஷாராணி என்ற பெயரைப் புவனேஸ்வரி முதன்முதலில் கேட்டது, தன்னைப் பெண் பார்க்க வந்த அன்று. கரிக்கலாம்பாக்கத்தில் அம்மா வீட்டுக் கூடத்தில் அவள் காபித் தட்டோடு நின்றபோது, மாப்பிள்ளையின் சித்தி, அதாவது காட்டேரிக்குப்பத்துச் சின்னப்பா பெண்டாட்டி, பக்கத்தில் வந்து காதோடு விவரம் சொன்னார். மாப்பிள்ளை கலைவேந்தன் சாது. மாமியார் ஆண்டாள் நாள் பார்க்காமல் தலைக்கு எண்ணெய்கூட வைக்க மாட்டார். நாத்தனார் உஷாராணி நர்சுக்குப் படிக்கிறாள். அவளிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். "வாயாலயே ஊசி போட்டுடுவா, பாத்துக்கோ."

கல்யாணமாகி உறுவையாற்றில் மாமியார் வீட்டுக்குப் போனபின் புவனேஸ்வரி பார்த்த உஷாராணி வேறு. காலேஜ் பஸ்சுக்கு ஓடுகிற அவசரத்திலும் அண்ணியின் சேலை மடிப்பை நீவிவிட்டு ஓடுகிற பெண். சாயங்காலம் வந்தால் வார்டில் நடந்ததையெல்லாம் அடுப்படியில் நின்று நடித்தே காட்டுவாள். சேதராப்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்வந்த புவனேஸ்வரிக்கு, எந்த மாத்திரை கொடுக்கும் முன் நாடி பார்க்க வேண்டும் என்பதுவரை அப்படித்தான் தெரிந்தது.

நர்சிங் இரண்டாம் வருஷத்திலேயே உஷாராணி முடிவு செய்துவிட்டாள். படிப்பு முடிந்து, இரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, வளைகுடா நாட்டுக்குப் போவதற்கான நர்ஸ் லைசென்ஸ் பரீட்சையை எழுத வேண்டும். ஆண்டாள் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். ஒரே தடவைதான் எழுதலாம். தேறினால் போகலாம், தவறினால் பாகூரில் அத்தை மகன் இருக்கிறான், தை பிறந்ததும் கல்யாணம். பையன் தங்கமானவன். உஷாராணிக்கு அவனைப் பிடிக்காமலும் இல்லை. அண்ணன் கலைவேந்தனைப் பிடிக்கிற மாதிரியே அவனையும் பிடிக்கும், அதுதான் சிக்கல்.

ஒரே தடவை என்றால் எப்போது படிக்கத் தொடங்குவது? கூடப் படித்த பெண்கள் சிரித்தார்கள். காலேஜ் பரீட்சையே கழுத்தை நெரிக்கிறது, லைசென்சை வேலைக்குப் போனபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். உஷாராணியின் யோசனை அப்படியில்லை. இந்த வாரம் இதய நோய் வார்டில் நின்றால், இதயத்தைப் பற்றிய கேள்விகளையும் இந்த வாரமே போட்டுப் பார்த்துவிட வேண்டும். நோயாளியின் முகம் மனசில் இருக்கும்போதே விடையும் ஒட்டிக்கொள்ளும். வருஷங்கள் கழித்துப் படித்தால் அது வெறும் எழுத்தாகத்தான் இருக்கும். தினம் கொஞ்சம் போதும், ஆனால் இப்போதே தொடங்க வேண்டும்.

அவள் கேள்விப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தது ஆடி மாசத்தில். ஆண்டாள் பார்த்துவிட்டார். கலைவேந்தன் ஆடியில் கோழிக்கறிக் கடை போட்டு ஆவணியில் மூடியதை அவர் இன்னும் மறக்கவில்லை.

"ஆடியில எதையும் ஆரம்பிக்கக் கூடாதுடி. ஆவணி வரட்டும்."

ஆவணி வந்தால் இதய வார்டு முடிந்துவிடும். போதாததற்கு, புரட்டாசிக்கும் மார்கழிக்கும்கூட ஆண்டாளிடம் மாசத்துக்கொரு காரணம் தயாராக இருந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த புவனேஸ்வரிக்கு அப்போது ஒன்று தோன்றியது. அந்தப் புத்தகம் புதுசு இல்லை. வில்லியனூர்த் துணிக்கடைக்காரர் மகள் ரூபினா, காலேஜில் உஷாராணிக்கு மூத்தவள், பாதிவரை பென்சிலால் குறி போட்டுப் படித்துவிட்டுக் கொடுத்தது.

"அத்தே, இது அந்தப் பொண்ணு எப்பவோ ஆரம்பிச்ச புக்கு. இவ இன்னா புதுசாவா ஆரம்பிக்கிறா? அவ வுட்ட எடத்துலேர்ந்து படிக்கப் போறா, அவ்ளோதான்."

ஆண்டாளுக்கு அது நியாயமாகப் பட்டது. "அப்ப மொதப் பக்கத்தத் தொறக்காத. பாதியிலேர்ந்தே படி. முன்னாடி இருக்குறத ஆவணியில பாத்துக்கலாம்."

இதயப் பாடம் பின்பாதியில்தான் இருந்தது. உஷாராணி அன்றைக்கே உட்கார்ந்துவிட்டாள். வார்டு மாற மாற பாடமும் மாறியது. குழந்தைகள், பிரசவம், அறுவை சிகிச்சை என்று போய்க்கொண்டே இருந்தாள். சிரித்த பெண்களே சந்தேகம் கேட்டு வந்தார்கள். ஆவணி ஒன்றுக்கு மேல் வந்து போனது. முன்பாதியை மட்டும் அவள் திறக்கவேயில்லை. கை கழுவுவது, நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது, மருந்தின் அளவைக் கணக்குப் போடுவது, எல்லாம் முதல் வருஷத்துச் சங்கதிதானே என்று விட்டுவிட்டாள்.

படிப்பை முடித்துப் புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒரு கோச்சிங் சென்டரில் மாதிரிப் பரீட்சை எழுதப் போனாள். நிச்சயம் தேறுவோம் என்றுதான் போனாள். தேறவில்லை. பெரிய பெரிய வியாதிகளெல்லாம் சரி. எந்த நோயாளியைத் தனி அறையில் வைப்பது, கையுறையையும் கவுனையும் எந்த வரிசையில் கழற்றுவது, டிரிப்ஸ் நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு என்பதெல்லாம் தப்பு. அத்தனையும் முன்பாதியில் இருந்தவை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது புவனேஸ்வரி கைவேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். தன் சாமர்த்தியம்தான் பெண்ணைத் தை மாசத்தில் பாகூருக்கு அனுப்பப்போகிறது என்று நினைத்தாள். உஷாராணிதான் அண்ணியைத் தேற்றினாள்.

"இன்னும் ஒரு வருஷம் இருக்குது அண்ணி. இப்ப ஆரம்பிக்கிறவளுங்களுக்கு ரெண்டு பாதியும் பாக்கி. எனக்கு ஒண்ணுதான்."

அது மார்கழி. ஆண்டாளிடம் யார் சொல்வது என்று இருவரும் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் புவனேஸ்வரியே சொன்னாள். ஆண்டாள் புரியாமல் விழித்தார்.

"மொதப் பக்கத்த இன்னுமா தொறக்கல?"

"ஆவணின்னு சொன்ன. எந்த ஆவணின்னு நீ சொல்லலியேம்மா" என்றாள் உஷாராணி.

ஆண்டாள் புத்தகத்தை வாங்கினார். முதல் பக்கத்தைத் தன் கையாலேயே புரட்டி, மூலையில் மஞ்சள் தடவினார். "நாள் பாத்தவ நானு. தோஷம் வந்தா எனக்கு வரட்டும். நீ படி."

அதற்குப் பிறகு வீடே வார்டாகிவிட்டது. புவனேஸ்வரி கம்பெனியிலிருந்து கொண்டுவந்த கையுறையையும் ஏப்ரனையும் மாட்டி மாட்டிக் கழற்றி வரிசையைப் பழகினாள் உஷாராணி. சமையலறைக் குழாயைச் சொட்டவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். கலைவேந்தனைப் பாயில் படுக்கவைத்துப் பக்கவாட்டில் புரட்டுவாள்; அவன் மூன்றாம் புரட்டலில் தூங்கிப்போவான். நோயாளி ஒத்துழைக்கிறார் என்று ஆண்டாள் கேலி பேசுவார். பரீட்சைக்கு முந்தின சில மாசங்களில் புதுப் பாடம் எதையும் தொடவில்லை. கடிகாரம் வைத்து முழுப் பரீட்சையாக எழுதிப் பார்த்ததோடு சரி. தப்பான கேள்வி எந்த வார்டுச் சங்கதியோ, மறுநாள் டூட்டியில் அந்த வார்டு அக்காக்களைக் கேட்டுத் தெளிந்துகொண்டாள்.

பரீட்சை சென்னையில். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்ததும் முதல் கேள்வியிலிருந்தே வரிசையாகப் போட்டுக்கொண்டு போனதாகப் பிறகு அண்ணியிடம் சொன்னாள். முடிவு வந்தபோது புவனேஸ்வரி கம்பெனி வேனில் இருந்தாள். "தேறிட்டேன் அண்ணி, நல்ல மார்க்கு" என்று போனில் கேட்டதும், வேனில் இருந்தவர்களுக்கெல்லாம் அவளே சேதி சொன்னாள். பாகூர் அத்தை மகனுக்கு அந்தத் தையிலேயே வேறு இடத்தில் பெண் அமைந்தது. கல்யாணத்தில் உஷாராணிதான் பந்தி விசாரித்தாள்.

இப்போது உஷாராணி மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில், அறுவை சிகிச்சை வார்டில் ஸ்டாஃப் நர்சாக இருக்கிறாள்.