ஆளில்லாத மலை

கண்டிப் பக்கம் கலஹாவில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே கத்தரீனாவுக்கு ஐம்பத்தைந்து வயதாகிவிட்டது. ஓய்வு பெறும்போது கொடுக்க வந்த சுவர்க்கடிகாரத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டு, தோட்டத்துத் துரை பங்களாவின் சாமான் அறையில் கிடந்த படமொன்றைக் கேட்டு வாங்கினார்.

யாரோ ஒரு வெள்ளைக்காரர் தண்ணீர்ச் சாயத்தில் வரைந்தது. பின்பக்கம் பென்சிலில் 1911 என்றிருந்தது. பிள்ளைக்காம்பரா வாசலிலிருந்து தெரியும் அதே மலை. கீழே தேயிலை, மேலே அப்போதிருந்த காடு, நடுவில் பனிமூட்டம். கிட்டப் போனால் பனி இருக்கும் இடத்தில் சாயமே இல்லை, வெறும் காகிதம். அது கத்தரீனாவுக்கு அலுக்கவே இல்லை.

"ஒரு மனுசன் இல்ல, மாடு கூட இல்ல. இதுல என்னத்தப் பார்க்குற?" என்பார் கணவர் கிளறன்ஸ்.

"அதுக்குத்தாங்க பார்க்குறேன். அங்க என்னைக் கூப்பிட ஒருத்தரும் இல்ல."

மகன் றொமேஷ் பேராதனைப் பக்கம் வீடு கட்டினான். ஹோலில் இருந்தது ஒரே ஒரு வெறுஞ்சுவர். அதில் டிவி என்று அப்பாவும் மகனும் முடிவு செய்திருந்தார்கள். எல்லாரும் குடிபோனபோது, சாமான் ஏற்றி வந்த லொறியில் படத்தின் கண்ணாடியும் உடைந்துபோனது.

"இனி அத ஸ்டோர்ல போடு" என்றார் கிளறன்ஸ்.

"பாதர் வந்து வீடு மந்திரிக்கிற அன்னைக்கு மட்டும் இருக்கட்டுங்க."

கண்ணாடி இல்லாமலே மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்த பாதருக்குத் தாராளமான கை. தீர்த்தம் சுவரெங்கும் தெறித்தது. எல்லாரும் முழங்காலில் நின்று பரலோக மந்திரம் சொல்லும்போது, படத்தில் காட்டின் பச்சை கரைந்து பனிக்குள் இறங்கியது. பாதியில் எழும்ப முடியாமல் கத்தரீனா பார்த்துக்கொண்டே இருந்தார்.

பாதர் போனதும் றொமேஷ் படத்தைக் கழற்றப் போனான்.

"டேய், தொடாத!" என்றார் கிளறன்ஸ். "மந்திரிச்சது. அத ஸ்டோர்ல போடுறதா?"

"நீங்க உக்காந்திருக்கிற கதிரையிலயும்தான் தீர்த்தம் பட்டுச்சுப்பா."

"கதிரை சுவர்லயா தொங்குது? டிவிய உன் ரூம்ல வை."

மறுநாள் கண்டி டவுனுக்குப் போய்க் கண்ணாடி வெட்டி வாங்கி வந்தவரும் கிளறன்ஸ்தான். போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"இந்தப் பச்சைக் கோடெல்லாம் முந்தியே இருந்ததா?"

"இல்லீங்க. தீர்த்தம் பட்டு வந்தது."

"பரவாயில்ல, நல்லாத்தான் இருக்கு."

கத்தரீனாவுக்கு அப்படிப் படவில்லை. பனி கெட்டுத்தான் போயிருந்தது. ஆனாலும் சுவர் கிடைத்துவிட்டது. கதிரையை அதற்கு நேரே இழுத்துப் போட்டார்.