வலையில் ஒட்டிய சீருடை

கரண்ட் இல்லாத நாட்களில் எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டின் பின்பக்கத்தில் ஒரு சின்ன ஜெனரேட்டர் கத்தும். அப்பா ஒருகொடவத்தைப் பழைய சாமான் கடையிலிருந்து வாங்கி வந்தது. அம்மாவின் தையல் மெஷின் அதில்தான் ஓடியது.

அதைச் சரியாகக் கவனிக்கத் தெரிந்தவர் எங்கள் முன்னறையில் குடியிருந்த அக்கா. கிளிநொச்சிக்காரி, அவர்களது வயலுக்குத் தண்ணீர் இறைத்ததும் அப்படியொரு எஞ்சின்தானாம். எங்கள் விலாசத்தில் பொலிஸில் பதிந்துவிட்டு, வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தார். பதிவில்லாத வடக்குக்காரரைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போகும் காலம் அது.

"லொறிக்குச் சூடு தணியத் தண்ணி விடுறவையெல்லோ? இதுக்குக் காத்துதான்" என்று ஒருநாள் காட்டினார். கயிறு இழுத்துக் கிளப்பும் பக்கத்தில் ஒரு வலை. அதன் பின்னால் சுழலும் காற்றாடி வெளிக்காற்றை இழுத்து, சிலிண்டரைச் சுற்றியுள்ள மெல்லிய தகடுகளுக்கிடையில் ஊதும். சூடு மறுபக்கத்தால் போய்விடும். "வலையை மட்டும் மறைச்சுப் போடாதையும் குட்டி. எஞ்சின் இறுகிப் போகும்."

நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரி.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம். மழை. என்னிடமிருந்த ஒரே சீருடை ஈரம். புகைக்குழாய்ப் பக்கம் பிடித்தால் கருகும் என்று பயந்து வலைப்பக்கம் பிடித்தேன். காற்று இழுத்த இழுப்பில் துணி தானாகவே ஒட்டிக்கொண்டது. என்ன வசதி என்று நினைத்து உள்ளே போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறியது. பிறகு ஒரு முனகல், கருகல் மணம், அமைதி. ஓடிப்போய்ச் சீருடையைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

அம்மா வந்து கயிற்றை இழுத்தார். அசையவில்லை. சனிக்கிழமைக்குள், தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளுக்குச் சட்டைகள் ஐந்து தைத்துக் கொடுக்க வேண்டும்.

"ஆரடி இதைத் தொட்டது?"

"அக்காதான் உடுப்புக் காயப் போட்டவ" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று பல வருடங்கள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை, யோசித்துத்தான் சொன்னேன்.

அம்மா முன்னறைக்குப் போய்க் கத்தினார். "தெரிஞ்ச நீரே இப்பிடிச் செய்தா? பொலிஸில பதிவை வெட்டிப்போட்டு வேற இடம் பாரும்!"

அக்கா அம்மாவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். என் கைகள் இன்னும் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

"ஓம் அன்ரி, நான்தான். மறந்துபோய்ப் போட்டிட்டன். மன்னிச்சுக் கொள்ளுங்கோ. மெஷினை நான் கையால சுத்தித் தாறன்."

அம்மா தணிந்துபோனார். அன்றும் மறுநாளும் அக்கா தையல் மெஷினின் சக்கரத்தைச் சுற்ற, ஐந்து சட்டைகளும் முடிந்தன. இடையில் எழுந்து வந்து, வலையின் கறுப்புக் கோடுகள் பதிந்திருந்த என் சீருடையை ஒன்றும் கேட்காமல் வாங்கிச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்தார்.

அக்காவுக்கு என்மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன்; பொலிஸ் பதிவு என் நினைவுக்கே வரவில்லை. பிறகு ஒருநாள் வகுப்பில் அதைப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.